முறை கேட்டு ஊற்றும் பார்

என் ஒன்றுவிட்ட அக்கா மிக்கேலம்மாளின் மூத்த மகன் வில்பிரட், இராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜுக்குக் கீழே பார் நடத்துகிறான். போன வருசம் அங்கே குடித்த ஒருவர் வாசல் சாக்கடையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். விசாரிக்க வந்த அதிகாரி, "நிதானம் தப்புனவருக்கு மேல மேல ஊத்துனா லைசென்ஸ் எடுத்தவருதான் பொறுப்பு. இன்னொரு தடவ நடந்தா லைசென்ஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிதானம் தப்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரைப் பார்த்தாலும் முறை விசாரிக்கும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும், முறை கேட்க ஆரம்பித்தான். அடுத்த கிளாஸ் வேண்டுமென்றால், "நான் உமக்கு என்ன முறை வேணும்?" என்பான். சரியாகச் சொன்னால் ஊற்றுவான். தப்பினால் மோர், பிறகு ஆட்டோ. சிக்கல் கிராமத்திலிருந்து வந்த விவசாயி கூத்தையா முதலில், "நீ யாரோ, நான் யாரோ" என்றார். சரிதான், ஊற்றினான். பிறகு, "ஏலே, நீ என் கூடப்பொறந்த தம்பில்ல" என்று கட்டிக்கொண்டார். மோர் வந்துவிட்டது.

வில்பிரட்டின் மாமனார் சவேரியார் கதை வேறு. மகள் கிறிஸ்டினா தன்னைக் கேட்காமல் இவனைக் கட்டிக்கொண்ட கோபத்தில், 'பார்க்காரரே' என்றுதான் மருமகனைக் கூப்பிடுவார். ஆனால் குடிக்க வருவது இங்கேதான். கோபம் வேறு, தாகம் வேறு. வில்பிரட்டும் 'பார்க்காரரே' என்பதையே அவருக்குச் சரியான பதிலாக வைத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் அந்த அதிகாரி திரும்ப வந்து ஓரமாக உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். சவேரியார் காலிக் கிளாஸை நீட்டினார்.

"நான் உமக்கு என்ன முறை?"

"இதென்ன கேள்வி? எம் மகளைக் கட்டுன மாப்ளே. ஊத்துங்க மாப்ளே."

கல்யாணத்திலிருந்து அவன் ஏங்கிக் கிடந்த சொல். வில்பிரட் கிளாஸைப் பிடுங்கிவிட்டு மோரை வைத்தான்.

அதிகாரிக்குப் புரியவில்லை. "உம்ம மாமனார்தானய்யா? சரியாத்தான சொல்றாரு?"

"அதான் சார் பயமா இருக்கு. தெளிவா இருந்தா சொல்ல மாட்டாரு."

அதிகாரி சவேரியாரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் எழுந்தார், நாற்காலியையும் கையோடு தூக்கிக்கொண்டு. "உம்ம லைசென்ஸ் பத்திரமா இருக்கட்டும்" என்று அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு வில்பிரட் மாமனாரைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போனான். காலையில் கண் விழித்தவர், டீ கொண்டுவந்த மகளிடம் கேட்டார், "நேத்து எதுவும் உளறுனேனா?"

"இவுகளை மாப்ளேன்னீகளாம் அய்யா."

சவேரியார் ஒரு வாய் டீ குடித்தார். பிறகு சுவரைப் பார்த்தபடி, "சீனி பத்தல மாப்ளே" என்றார்.

வில்பிரட் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தான். டீதான்.