தென்துருவ ஒளிக்கு முன்னால் நான்

எங்கள் ஆட்களுக்கு, ஆள் இல்லாத படம் படமே அல்ல. நீர்வீழ்ச்சி என்றால் அதன் முன்னால் ஒருவர் நிற்க வேண்டும், கங்காரு என்றாலும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபிலிம் வீண். எழுபதுகளில் மெல்பேர்னிலிருந்து ஊருக்குப் போன படங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆஸ்திரேலியா என்பது சேலை கட்டிய பெண்களுக்குப் பின்னால் கொஞ்சமாகத் தெரிகிற ஒரு நாடு.

அப்படித்தான் நான் தென்துருவ ஒளிக்கு முன்னாலும் நின்றேன்.

மெல்பேர்னின் கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் என் கணவரோடு ஆராய்ச்சி செய்த வெள்ளைக்காரர் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். இன்றிரவு தெற்கு வானத்தில் ஒளி தெரியலாம், கடற்கரைக்கு வாருங்கள் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் அந்த ஒளியின் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அதன் நிறத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்தே என் ஆசை. இவரோ, "கூறைச் சேலையைக் கட்டும். படம் ஊருக்குப் போகவேணும்" என்றார்.

நாங்கள் போனபோது வானம் இருட்டாகவே கிடந்தது. இவர் என்னைக் கடலுக்கு முதுகுகாட்டி நிறுத்தி, சேலை தெரியவேண்டும் என்று குளிர்கோட்டையும் கழற்றவைத்து, ஃபிளாஷைப் பூட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே போர்வை விரித்துப் படுத்திருந்த வெள்ளைக்காரரும் மனைவியும் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்கள். ஒளி வந்துவிட்டது என்பதை அவர்களுடைய திறந்த வாயைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

"இஞ்சருங்கோ, ஒருக்காப் பாத்திட்டு நிக்கிறன்."

"திரும்பாதையும்! இப்பத்தான் ஃபோகஸ் வந்தது. சிரியும்."

சிரித்தேன். "தலைப்புப் பறக்குது, இன்னொண்டு எடுப்பம்." மறுபடியும் சிரித்தேன். "கண்ணை மூடிப்போட்டீர், இன்னொண்டு." அசைந்தால் ஃபிலிம் போய்விடும் என்று என்னை அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருந்தார்.

கடைசியில், "இனிப் பாரும்" என்று அனுமதி கிடைத்தது. திரும்பினேன். கடலும் இருட்டும் இருந்தன. வெள்ளைக்காரரின் மனைவி போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

ஃபிலிமைக் கழுவிப் படங்கள் வந்தன. வானத்துக்கே ஃபிளாஷ் அடித்த விஞ்ஞானி என் கணவர் ஒருவராகத்தான் இருப்பார். கூறையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. பின்னால் கரிச்சட்டியின் அடிபோல ஒரே கறுப்பு. இவர் கொஞ்சமும் கலங்கவில்லை. நல்லதாக ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் 'மனைவி, பின்னால் தென்துருவ ஒளி' என்று வடிவான கையெழுத்தில் எழுதினார்.

"சரி, வாயாலையாவது சொல்லுங்கோ. அது என்ன நிறத்தில இருந்தது?" என்று கேட்டேன்.

பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்.

"நான் எங்கை பாத்தனான்? உம்மட மூக்குத்தியில எல்லோ ஃபோகஸ் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."