சின்னவன் வந்துபோன எட்டு நாள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரப் படுக்கை விரிப்புகளை ஆவி கக்கும் உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்குகிற வேலை. பத்தொன்பது வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் எட்டு நாள் லீவு கேட்டது அந்த இலையுதிர் காலத்தில்தான். தம்பி வருகிறான் என்றாள். ஏழு வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளோடு. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வருவது தம்பிதானா, இல்லை பெண் பார்க்க யாராவது வருகிறார்களா என்று கேட்டார். நாற்பத்தாறு வயதில் அந்தக் கேலிகூட அவளுக்கு அன்று இனித்தது.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து கட்டிலோடு ஒதுங்கிவிட்டார். அம்மா செத்தபோது தம்பி சின்னவன் வரவில்லை. அன்றிலிருந்து அவன் பேச்சை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது வருகிறான் என்று சொன்னபோதும் ஆகட்டும் என்றோ வேண்டாம் என்றோ மூச்சு விடவில்லை.

அம்மா போன அன்று போனில் அவனிடம் பேசியது அவள்தான். வெளிநாட்டில் அவனுக்குக் குடியிருப்புக் காகிதம் கைக்கு வராத நேரம். கிளம்பி வந்தால் அவனால் திரும்ப உள்ளே போக முடியாது. நீ வராதே என்று அவள்தான் சொன்னாள். அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் ஏழு வருடமாக வரவில்லை.

மனைவிக்கு லீவு கிடைக்காததால் சின்னவன் பிள்ளைகளோடு தனியாக வந்தான். மூத்தவளுக்கு ஆறு வயது. எழுதி வைத்துப் படிப்பதுபோலத் தமிழ் பேசினாள். மூன்று வயது வாண்டுக்கு ‘அத்தை’ ஒன்றுதான் தெரியும். பசித்தாலும் அத்தை, ஒன்றுக்கு வந்தாலும் அத்தை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் இரண்டையும் கீழே கூட்டிப்போய், முற்றமெல்லாம் கொட்டிக் கிடந்த மஞ்சள் இலைகளில் புரளவிட்டு, மூக்கு சிவந்தபிறகு மேலே ஏற்றிவருவாள். குளிப்பாட்டும்போது வாண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டான். தனக்கென்று ஒன்று இருந்திருந்தால் என்ற நினைப்பு வரும். உடனே தண்ணீரை மொண்டு ஊற்றிவிடுவாள்.

இரண்டாம் நாளே வாண்டு அப்பாவின் அறைக்குள் புகுந்துவிட்டான். அவள் பதறிப்போய் எட்டிப் பார்த்தால், அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகத் திருப்பிக்கொண்டிருந்தார். தொண்டைக்குள்ளிருந்து எஞ்சின் உறுமியது. பின்னால் வாண்டு பயணி. பெரியவள் கண்டக்டர், இலைகளைக் கிழித்து டிக்கெட் கொடுத்தாள். அவர் சிரித்தார். எட்டிப் பார்த்தவளுக்கு அது வேறு யாருடைய சிரிப்போ போல இருந்தது.

நாலாம் நாள் பஸ் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னவன் அறை வாசற்படியில் வந்து நின்றான்.

“கண்டக்டர், நானும் ஏறலாமா?” என்று மகளிடம் கேட்டான்.

எஞ்சின் நின்றது. “வண்டி டிப்போவுக்குப் போகுது. எல்லாரும் இறங்குங்க” என்றார் அப்பா, பிள்ளைகளைப் பார்த்து. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆறாம் நாள் மதியம் தம்பி பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போயிருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். குற்றம் என் மேல், அவனைத் திட்டாதீர்கள் என்றாள். இதைச் சொல்லிவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று அவள் ஏழு வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும். நீ போன்ல பேசினது கேட்டுச்சு.”

“தெரிஞ்சுமாப்பா அவன்மேல கோபம்?”

“சொன்னது நீ. அதைக் கேட்டு நடந்தது அவன் இல்லையா?”

கையிலிருந்த ஒரே சாவியும் பூட்டில் சேரவில்லை. அடுப்படிக்குப் போய், பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சினாள்.

எட்டாம் நாள் காலை டாக்ஸி வந்தது. அப்பா பிள்ளைகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். போயிட்டு வரேம்பா என்று சின்னவன் கதவருகே நின்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான். குளிர் வருது, ஜன்னலைச் சாத்தும்மா என்று அப்பா மகளிடம் சொன்னார்.

கீழே பெட்டிகளை ஏற்றிவிட்டு அவன் அவள் கையைப் பிடித்தான். “இனிமே நான் வரமாட்டேன்க்கா. நீ வேணா அங்க வா.”

“அவரை விட்டுட்டு எப்படிடா வருவேன்?”

“தெரியும்” என்றான்.

வாண்டு கண்ணாடி வழியாக அத்தை அத்தை என்று தட்டிக்கொண்டே போனான்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போனாள். பிள்ளைகள் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் போட்டோ காட்டினாள். பிள்ளைகள் எப்ப வருவாங்க என்று அப்பா பனிக்காலம் முழுக்கக் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லிவைத்தாள். போனில் பெரியவளின் தமிழ் மாதத்துக்கு மாதம் சுருங்கியது. வாண்டு திரையில் அவளைப் பார்த்துவிட்டு, யார் இது என்று அவர்கள் பாஷையில் அவன் அப்பாவிடம் கேட்டான். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

மறு வருடம் இலை உதிரும் முன்பே அப்பா போய்விட்டார். தம்பிக்குச் செய்தி சொன்னாள். இந்தத் தடவை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பிறகு லைன் அறுந்தது. அவன்தான் வைத்தானோ என்னவோ. வரவில்லை.

துக்கத்துக்கு ஒரு வாரம் லீவு உண்டு. அவள் மூன்றாம் நாளே சலவைக்கூடத்துக்குப் போய்விட்டாள்.