தலைவியைப் பிடித்தால் போதுமா?

சென்ற சனிக்கிழமை, இங்கே நோர்வேயில், ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் எங்கள் வட்டாரச் சபைத் தலைவியை வளைத்துப் பிடித்தோம். பாவம், மனுசி பால் வாங்க வந்திருந்தார்.

'நாங்கள்' என்றால், எல்லிங்ஸ்ருட்டில் என் பக்கத்து வீட்டு ராஜி அக்கா, அவருடைய அண்ணன் சிவராசா, பிறகு நான். விஷயம் இதுதான்: எங்கள் பகுதி முதியோர் மதிய உணவுக் கூடத்தை மூடப் போகிறார்கள் – செலவுக் குறைப்பாம். ஸ்ட்ரோக் வந்தபின் அக்காவின் கணவர் ஆசையாக வெளிக்கிட்டுப் போகும் ஒரே இடம் அது. நோர்வேஜியக் கிழவர்களோடு சீட்டாடி, போன பேச்சை அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார். அதை மூடினால்? மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்...

"தலைவரைப் பிடிச்சால் காரியம் முடிஞ்சுது" என்றார் சிவராசா அண்ணன். ஊரில் அப்படித்தானே பழகினோம்? பெரிய ஆளைப் பிடி, பலகாரம் கொடு, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். அண்ணன் லட்டுப் பெட்டியோடுதான் வந்திருந்தார்.

தலைவி பெட்டியை வாங்கவில்லை. சிரித்தார். "எனக்கும் ஒரு வாக்குத்தான். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள். முதல் அரை மணி நேரம் பொதுமக்கள் பேசலாம்."

போனோம். ராஜி அக்கா எழுந்து நோர்வேஜிய மொழியில் பேசினார். "என் கணவர் அங்கேதான் மறுபடி பேசப் பழகினார். அவரை மறுபடி ஊமையாக்காதீர்கள்."

தலைவி தலையாட்டினார். அண்ணன் உடனே ஜாக்கெட்டை மாட்டினார். "சரி, முடிஞ்சுது. வாங்கோ போவம்."

"இருங்கோ அண்ணை. கை தூக்கிறதையும் பாத்திட்டுப் போவம்" என்றார் அக்கா.

அதன்பிறகு நாங்கள் பேச முடியாது; பார்க்கலாம். கட்சி கட்சியாகப் பேசினார்கள். ஊர்த் தேர்தலை மணிக்கணக்கில் அலசும் எனக்கு, என் தெருவுக்கு முடிவெடுக்கும் சபையில் எந்தெந்தக் கட்சி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது! பிறகு வாக்கெடுப்பு. தலைவியின் கை எங்கள் பக்கம்தான் உயர்ந்தது.

ஆனாலும் தோற்றோம்.

தலைவியே தோற்றுப்போகும் சபையா? எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... தலைவி நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால், நாளை அந்தக் கதிரையில் பொல்லாத ஆள் வந்து உட்காரும்போது என்ன செய்வோம்?

இது முதல் சுற்றுத்தான். இறுதி வாக்கெடுப்பு அடுத்த மாதம். இடைவேளை விட்டதும் அண்ணன் தலைவியிடம் முறையிடக் கிளம்பினார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவவை விடுங்கோ அண்ணை, அவவும் எங்களோடை சேர்ந்து தோத்தவ. மூடச் சொல்லிக் கை தூக்கினவை அந்தா கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கினம் – வாங்கோ, அவையளோடை கதைப்பம்!"