கிதாரில் ஒட்டிய கருமணல்

நான் மணவாளக்குறிச்சிக் கடற்கரைத் தச்சன். கொழும்பில் பார்த்த கிதாரைப் போலவே பலாப்பலகையில் ஒன்று செய்து, சிவப்புச் சாயம் கலந்த வார்னிஷ் அடித்தேன். மூன்றாம் நாள் தங்கை கல்யாணத்தில் வாசித்தே தீர வேண்டும்!

சீக்கிரம் காயட்டும் என்று, மீன் காயப்போடும் பாயை மணலில் விரித்து அதன்மேல் வைத்தேன். அடித்தது பாருங்கள் ஒரு காற்று! ஈர வார்னிஷ் முழுக்கக் கருமணல் அப்பிக்கொண்டது. துடைத்தால் சாயமும் சேர்ந்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கெடக்கட்டும் அண்ணே, காஞ்சதும் மேல இன்னொரு பூச்சு பூசிரு" என்றாள் தங்கை.

பூசினேன். கல்யாணப் பந்தலில் வெயில் பட்டதும் பூச்சுக்கு அடியில் அந்தக் கருமணல் மின்னிய மினுக்கம் இருக்கிறதே! "ஏலே மக்கா, இது எந்த ஊருச் சாயம்? எனக்கும் ஒரு கிதாரு செஞ்சு இதே சாயம் அடிச்சுத் தாரியா?" என்று ஓடிவந்தான் என் கூட்டாளி.

இப்போது கதவு ஜன்னலுக்கு வார்னிஷ் அடிக்கக் காற்றில்லாத நாளாகப் பார்க்கிறேன். கிதாருக்கு மட்டும், காற்று கிளம்பட்டும் என்று தூரிகையோடு காத்திருக்கிறேன்.