ஒப்பிட ஒரு நல்ல சாம்பிள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் யாருக்கும் ஊசி போடுகிறவள் அல்ல. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனை கண்ணுக்கே தெரியாத ஊசியாக்கி, அதை ஒற்றை விந்தணுவின் மேல் ஒட்டவைத்து, அதில் ஓடும் மின்சாரத்தை அளப்பவள். விந்தணு என்ன, சொன்னபடி கேட்கிற ஜென்மமா? வாலைத் துடித்துக்கொண்டு நழுவும். பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த வேலை சரிப்படாது. அவளுக்குப் பொறுமை நிறையவே இருந்தது. இல்லாவிட்டால் அப்படிப்பட்ட ஒரு நாத்தனாரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்க முடியுமா?

அவளுக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் இருவருமே பரிசோதனை செய்துகொண்டார்கள். அவருடைய ரிப்போர்ட்டில் எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, வடிவம் சரி. அவளுடையதிலும் ஒரு குறையும் இல்லை. இரண்டு பக்கமும் குறை இல்லை என்றால் பழி யார் தலையில் வந்து விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? "எங்க தம்பிக்கு என்ன, ரிப்போர்ட்டு கண்ணாடி மாதிரி இருக்கு" என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாள். முதல் பத்து வருஷம் ஃபோனில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டாள். ஊசியக்காவுக்கு நாற்பது தாண்டியதும் அது "எங்க தம்பிக்குக் கொடுத்துவைக்கல" என்று மாறியது. கணவர் பஸ் டிரைவர்; நல்ல மனுஷர், கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அக்கா பேச்சு வரும்போது மட்டும், "அவ வாய் அப்படித்தான், விடு" என்பார். அவளும் மென்று விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு கதவை. விந்தணுவின் வாலில் பொட்டாசியம் வெளியேறுவதற்கென்றே ஒரு வாசல் உண்டு. பெண்ணின் உடம்புக்குள் போனபின், விந்தணுவின் உள்ளே புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, குறையக் குறைய அந்தக் கதவு திறக்கும், பொட்டாசியம் வெளியேறும், உள்ளே இருக்கும் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் வந்தால்தான் விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராகும். இதில் வேடிக்கை என்னவென்றால், கதவு இருந்தால் மட்டும் போதாது. அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு துணைப் புரதமும் வேண்டும். அந்தத் துணை இல்லாவிட்டால் கதவு இருந்தும் பிரயோஜனமில்லை. எந்த உடம்பும் கொடுக்க முடியாத அளவு மின்னழுத்தம் கொடுத்தால்தான் அசைந்து கொடுக்கும். எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் பார்க்கிற சாதாரணப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

நோயாளிகளின் சாம்பிள் பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையிலிருந்து வரும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சாம்பிளும் வேண்டுமே, அதற்கு ஊழியர்கள் வீட்டு ஆண்கள்தான் கதி. அது அங்கே எழுதாத வழக்கம். காவலாளியின் மகன், கணக்கரின் மைத்துனர் என்று வெட்கப்பட்டுக்கொண்டே வந்து போவார்கள். ஒருநாள் வழக்கமாக வருகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தலைமை விஞ்ஞானி அம்மையார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர வரச் சொல்றேன் மேடம். அவரு ரிப்போர்ட்டெல்லாம் எப்பவுமே சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள் ஊசியக்கா.

எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருந்தால் நல்ல சாம்பிள். விதி அவ்வளவுதான் கேட்டது. பிள்ளை பெறாத மனுஷரை நல்ல சாம்பிள் என்று கூட்டி வருகிறோமே என்று அங்கே இருந்த இத்தனை படித்த தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை, அவள் தலை உட்பட. நாத்தனார் அத்தனை வருஷம் ஓதியதை அவளே நம்பியிருந்தாள் போல.

கணவர் வந்தார். "பஸ் ஓட்டறவன கூட்டிட்டு வந்து என்னென்ன வேலை வாங்கறீங்க" என்று கிண்டலடித்துவிட்டு, ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, சாம்பிளும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி.

அவள் ஊசியை ஒட்டவைத்து, உள்ளே புளிப்பைக் குறைத்து, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினாள். திரையில் கோடு ஏறவில்லை. ஊசிதான் சரியில்லை என்று வேறு ஊசி எடுத்தாள். அணுதான் செத்துவிட்டது என்று வேறு அணுவைப் பிடித்தாள். கரைசல்தான் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலக்கினாள். அதே கரைசலில், முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த காவலாளி மகனின் அணுக்கள் ஜோராக வேலை செய்தன. கடைசியில் மின்னழுத்தத்தை எக்கச்சக்கமாக ஏற்றிப் பார்த்தாள். கோடு சோம்பலாக எழுந்தது. ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தபோது துணைப் புரதம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது.

"இதை நல்ல சாம்பிளோட சேர்க்கக் கூடாது, தனியா வைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மையாருக்கு, அது யாருடையது என்று அப்போதுதான் நினைவு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவரா கேட்டா சொல்லலாம். கேக்காம நாமா சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாததில்ல."

"தெரியும் மேடம்."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை ஒளிப்பானேன். குறை என்னிடம் இல்லை, இல்லவே இல்லை என்று பஸ்ஸில் போகும்போதே உரக்கச் சொல்லத் தோன்றியது. வீட்டு வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷத்தை நினைத்தே வெட்கமாகிவிட்டது. சொன்னால் அவள் தலையில் இருக்கும் பாரம் இறங்கும். இறங்கி நேராக அவர் தலையில் ஏறும். ஐம்பதை நெருங்கும் மனுஷர் அதை எப்படித் தாங்குவார்? சொல்லாவிட்டால் சாகிறவரை அவள்தான் சுமக்க வேண்டும். விஷயம் அன்றைக்கே தெரிந்திருந்தால், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தியாவது பார்த்திருக்கலாம். அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் எழுந்து ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவரோ கேட்கிற வழியாயில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, வண்டிக்கு என்ன கோளாறு என்று மெக்கானிக்கிடம் விசாரிக்கிற மாதிரி கேட்டார். "ஆமா, என்னோடது எப்படி ஓடுச்சு? நீ ஒண்ணுமே சொல்லலையே."

"சும்மா கேக்கறீங்களா, நிஜமாவே தெரியணுமா?"

அவர் குழாயை மூடினார். "நிஜமாவே."

"ஓட்டமெல்லாம் சரிதாங்க. முட்டைகிட்ட போறப்ப திறக்க வேண்டிய கதவு ஒண்ணு திறக்கல. அதுக்குத் துணையா இருக்க வேண்டிய புரதம் இல்ல. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதுவாத்தான் இருக்கும்."

அவர் ஈரக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அப்ப உன்கிட்ட எதுவும் இல்ல" என்றார்.

"என்கிட்ட எதுவும் இல்லன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. யாரு நம்புனா?"

"நான் கூடவா நம்பல?"

"நீங்க விடுன்னு சொன்னீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். யாருக்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க" என்றாள். அவர் அதற்குள் அழுத்திவிட்டார். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஃபோனை மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். குழந்தை இல்லாததுக்குக் காரணம் நான்தான். குறை என்கிட்டதான். டெஸ்ட்டுல தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் நாத்தனார் பதறினாள். "ஐயோ தம்பி, அப்படியெல்லாம் சொல்லாதடா. இதெல்லாம் ஒரு குறையா? இது யாரு கையில இருக்கு சொல்லு. மனச விட்டுடாத ராஜா. இதுக்குப் போய் உன்ன யாராவது ஒரு வார்த்தை சொல்லிடுவாங்களா?"

அந்தக் குரலில் இவ்வளவு இதம் உண்டு என்பதே ஊசியக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் நிரம்பியது.

"அவளச் சொன்னியேக்கா" என்றார் அவர். "இத்தன வருஷமா சொன்னியே. நானும் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

நாத்தனார் கம்மிய குரலில், "ஃபோன அவகிட்ட குடு" என்றாள்.

அவர் ஃபோனை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கைவேலையா இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். அவள் கைகள் இரண்டும் மடியில் சும்மாதான் கிடந்தன.

அவர் அவற்றைப் பார்த்தார். "அவ கைவேலையா இருக்காக்கா" என்று ஃபோனில் சொன்னார்.