கைக்கு அடங்கிய கிடார்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பாட்டுக்காரி, பேர் ஜெயசித்ரா. குழுவை நடத்துகிறவன் இசக்கித்துரை. கிடார், மகாராஜன் அண்ணாச்சி. சங்கரன்கோவிலில் பகலெல்லாம் விசைத்தறி ஓட்டுவார். ஊர்க் கோயில்களில் கொடைத் திருவிழாக் காலம் வந்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் வேனில் ஏறுவார். இத்தனை வருஷத்தில் அவர் பெயர் நோட்டீஸில் முழுதாக அச்சானது கிடையாது. 'கிடார்: ராஜன்' என்றிருக்கும். சில ஊரில் வெறும் 'கிடார்' மட்டும்.

போன வருஷம் அவருடைய இடதுகைச் சுண்டுவிரல் தறியில் சிக்கி நுனி போய்விட்டது. கம்பியை அமுக்குகிற கை அது. புண் ஆறியபின் தன் கிடாரை எடுத்துப் பார்த்தார். கம்பி ஓடும் கழுத்து பருமன், குட்டையாகிப்போன விரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. அடிபட்ட அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த இசக்கித்துரை விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கொடைக்குள்ள சரியாயிருமா?" என்பதுதான். அன்றைக்கே அவனை எனக்குப் பிடிக்காமல் போனது.

"கழுத்து ஒல்லியா ஒரு கிடார் கெடச்சாப் போதும் சித்ரா. வாசிச்சிருவேன்" என்றார் அண்ணாச்சி. புதிது கட்டுப்படியாகாது. பழசுதான் தேட வேண்டும்.

இசக்கித்துரையும் கூடவே வந்தான். அவன் கவலை வேறு. ஊர்க் கமிட்டிக்காரர்கள் செல்போனில் எங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் தேதி தருகிறார்கள். மேடையில் கிடார் கண்ணில் படாவிட்டால், இதெல்லாம் ஒரு கச்சேரியா என்று வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள். புளியங்குடியில் ஒன்று பார்த்தோம். செக்கச்செவேல் என்று, கொம்பு வைத்தது. அண்ணாச்சி தோளில் மாட்டிக் கையை எடுத்ததும் தலைப்பக்கம் கனத்துக் கீழே சாய்ந்தது. அடிபட்ட கையே அதைத் தாங்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும். கழுத்தும் பருமன்.

"இது எனக்கு ஆவாதுவே."

"பாக்க எடுப்பா இருக்குல்லா?"

"பாக்கதுக்கா வாங்குதோம்?"

அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அப்புறம் கடையநல்லூரில் பீர் மைதீன் வீடு. மகன் ரிஸ்வான் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டான், விற்றுவிடச் சொல்லிவிட்டானாம். வெளிறிய நீலம், ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து கிடந்தது. அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வளைந்திருக்கிறதா என்று நீளவாக்கில் பார்த்தார். ஒவ்வொரு கம்பியையும் இடம் இடமாக அமுக்கி, எங்காவது இரைகிறதா என்று கேட்டார். சுருதி சேர்த்துக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டார் கொடுத்த சாயாவை நிதானமாகக் குடித்தார். திரும்ப எடுத்தபோது சுருதி இறங்கியிருக்கவில்லை. ஆம்ப்ளிபயர் இல்லாத வீடு. சத்தம் காதுக்கு எட்டத் தாடையைக் கிடார்க் கட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தார்.

"எட்டுது சித்ரா" என்றார்.

"எம்மவன் கையில இது இப்படிப் பேசுனதே இல்ல அண்ணாச்சி. எடுத்துட்டுப் போங்க, நல்லா இருங்க" என்றார் பீர் மைதீன்.

இசக்கித்துரை நிறத்தைப் பார்த்து முகம் சுளித்தான். ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று சமாதானமானான்.

திருவேங்கடம் பக்கத்து ஊர் ஒன்றில் கொடை. மேடையில் எங்கள் காலடியில் ஆளுக்கொரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். நாங்கள் வாசிப்பது எங்களுக்கு அதில் கேட்கும். ஊருக்குக் கேட்பது வெளியே அடுக்கியிருக்கும் பெரிய பாக்ஸில். அண்ணாச்சி அன்றைக்குக் குனிந்து தன் ஸ்பீக்கரைக் கேட்டுக் கேட்டு வாசித்தார். கல்யாண மாப்பிள்ளை கெட்டான், முகத்தில் அப்படி ஒரு களை.

ஒரு பாட்டில் பல்லவி முடிந்ததும் கிடார் மட்டும் தனியாக வரும். நான் மைக்கை இறக்கினேன். அவர் தொடங்கிய சூட்டிலேயே கம்பி ஒன்று அறுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. ஆனால் வெளியே பாக்ஸில் கிடார் நிற்கவில்லை. ஒரு பிசிறு இல்லாமல் கடைசிவரை போனது. கீபோர்டுக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். ஊர் விசிலடித்தது.

பாட்டு முடிந்ததும் கமிட்டித் தலைவர் மேடையேறி, "கிடார் அண்ணாச்சி கலக்கிட்டாரு" என்று மைக்கில் சொல்லி, அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார். அண்ணாச்சி கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

வேனுக்குப் பக்கத்தில் வைத்து இசக்கித்துரையிடம் அண்ணாச்சி கேட்டார்.

"எப்ப இருந்துவே?"

"மொதப் பாட்டுல இருந்தே. ஒம்ம லைனு வெளிய போவல, ஒம்ம காலடிக்கு மட்டுந்தான். வெளிய கேட்டது கீபோர்டுல வாசிச்ச கிடாரு" என்றான் இசக்கித்துரை. "ஒம்ம வெரல நம்பி நான் ஊர்க்காரன்ட்ட ஏச்சு வாங்கவா? நீரு மாட்டிக்கிட்டு நின்னாப் போதும்."

"நான் வாசிச்சத நீரு கேட்டேரா?"

"அதக் கேக்கதுக்கு என்ன இருக்கு?"

நான் வாய்க்கு வந்தபடி அவனை ஏசினேன். "விடு சித்ரா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வேனில் ஏறிவிட்டார். தறிக்கூலியை மட்டும் வைத்து வீட்டை ஓட்ட முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த இசக்கித்துரைக்கும் தெரியும்.

இப்போதும் அவர் வருகிறார். அறுந்த கம்பியை மாற்றவில்லை. ஐந்து கம்பியோடுதான் அந்தக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கொடைக்காலம் முடியப்போகிறது. ஒரு கம்பி எங்கே என்று எந்த ஊரிலும் இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.