மாரிமுத்து நிறுத்திய எண்ணிக்கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் குத்துச்சண்டைதான் எனக்குத் தொழில். ஒருமுறை கண்டியில் நடந்த போட்டியில் ஜெயிப்பவருக்குக் கொழும்பில் பெரிய போட்டி காத்திருந்தது. என்னை எதிர்த்தவர் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து மாரிமுத்து. மூன்றாம் சுற்றில், நடுவர் கவனிக்காத நேரம் பார்த்து அவரை இடுப்புக்குக் கீழே குத்தினேன். வலியில் முகம் சுருங்கியும் அவர் முறையிடவில்லை.

ஐந்தாம் சுற்றில், மூலையில் சிந்தியிருந்த தண்ணீரில் நான் வழுக்கி விழுந்தேன். தலை தரையில் மோதியது. மாரிமுத்து அடித்து வீழ்த்தியதாக நினைத்து நடுவர் எண்ணத் தொடங்கிவிட்டார்.

"ஐந்து... ஆறு..."

கூரை அதிரக் கூட்டம் கத்தியது. என்னால் எழ முடியவில்லை.

"எண்ணாதீங்க ஐயா! நான் அடிக்கல. அவரு வழுக்கி விழுந்தாரு!" என்றார் மாரிமுத்து.

எண்ணிக்கை நின்றது. தலை தெளிந்ததும் எழுந்தேன். அதன்பிறகு நாங்கள் மோதியதுபோல் வாழ்க்கையில் நான் யாருடனும் மோதியதில்லை! கடைசிச் சுற்றில் அவருடைய இடக்கை என் தாடையில் இறங்கியது. பத்து எண்ணியும் நான் எழவில்லை.

"அப்பவே ஜெயிச்சிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன்.

"உங்கள நான்தான் சாய்க்கணும் நானா, தண்ணி இல்ல!" என்று சிரித்தார். எங்கள் முஸ்லிம் வழக்கில் நானா என்றால் அண்ணன்.

தோற்ற நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கள்ளக் குத்துக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்த மன்னிப்பை இன்றுதான் எழுதுகிறேன்.